மச்சான் சொல்லாமல் விட்டது

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷங்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வாயை மூடி வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றி நான் வாய் திறப்பது அவருக்குச் செய்யும் துரோகமாகிவிடுமோ என்ற பயம். நான் பெரிதாகப் படித்தவனும் இல்லை. பள்ளிவாசலில் குர்ஆன் ஓதியதும் நாலாம் வகுப்பும்தான். இன்று மாலை அஸர் தொழுதுவிட்டு வந்து, அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைச் செம்பைத் துடைத்தேன். அதன் விளிம்பில் ஒரு நெளிவு உண்டு. தண்ணீர் ஊற்றச் சாய்க்கும்போது பெருவிரல் சரியாக அதில் படியும். அதைத் தொட்டதும், அல்லாஹ் மன்னிப்பான், எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

செம்பு என் அக்காவின் கணவருடையது. மச்சான் மதுரை டவுனுக்குள் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருந்தார். எங்கள் மஹல்லாவில் ஆண்கள் யார் மவுத்தானாலும் உடலைக் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். தையலைப் பாதியில் விட்டுவிட்டு இந்தச் செம்போடு போவார். தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பார். "சுடுதுன்னு அவுகளால சொல்ல முடியாதுல்ல" என்பார். மேலே போர்த்திய துணியை விலக்காமல் கையை உள்ளே விட்டுத்தான் கழுவுவார். புரட்டும்போது, உயிரோடிருப்பவரிடம் கேட்பதுபோல, "கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுங்கண்ணே" என்று மெதுவாகச் சொல்வார்.

குளிப்பாட்டிவிட்டு வருகிறவரிடம் "மையத்து எப்படி இருந்துச்சு?" என்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். முகம் தெளிவாக இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டால் வீட்டாருக்குப் பெரிய ஆறுதல். நல்லதைக் கண்டால் சொல்லலாம், குறையைக் கண்டால் மூடிவிட வேண்டும் என்பது மார்க்கம் சொன்ன ஒழுக்கம். மச்சானும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தார். ஓர் அத்தர் வியாபாரி மவுத்தானபோது, "தூங்குற புள்ள மாதிரி இருந்தாரு" என்று சொன்னார். தெருவே சந்தோஷப்பட்டது. அடுத்து, அக்காவின் வீட்டுக்கு எதிர்வீட்டுத் தோல் வியாபாரி மவுத்தானார். அன்று மச்சான் எதுவும் சொல்லாமல் போய்விட்டார். ஏன் என்று நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

காலையில் டீக்கடையில் பேச்சு ஆரம்பித்தது. "ஒண்ணுமே சொல்லலியாம்ல?" என்றார் ஒருவர். "சொல்ற மாதிரி இருந்தா சொல்லியிருக்க மாட்டாரா?" என்றார் இன்னொருவர். மதியம் லுஹருக்குள் அது "வாய்விட்டுச் சொல்ல முடியாதாம், அம்புட்டு மோசமாம்" என்று ஆனது. பொழுது சாய்ந்து மக்ரிபுக்குள் "மொகமே கறுத்துப்போச்சாம்" என்று முடிந்தது. பேச்சு பக்கத்து ஊரான பரவை வரை போயிற்று. அந்த வியாபாரியின் மகளை அங்கே பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ சாக்குச் சொல்லி விலகிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிறகு எதுவும் அமையவேயில்லை.

அன்றிலிருந்து மச்சான் எந்த மையத்தைப் பற்றியும் நல்லதுகூடச் சொல்வதில்லை. யார் கேட்டாலும் "துஆச் செய்ங்க", இறைவனிடம் வேண்டிக்கொள்ளுங்கள், என்பதோடு சரி. அதனால் ஊருக்கு அவர்மேல் ஒரு பயம் வந்துவிட்டது. "மச்சான், நாடாவைத் தள்ளி வைங்க. சட்டைக்கு அளவெடுக்குறீகளா, கபனுக்கான்னு தெரியல" என்று, மையத்துக்குச் சுற்றும் துணியைச் சொல்லிக் கடையில் கேலி செய்வார்கள். "கபன்ல குத்தம் சொல்றவன் கெடையாது மாப்ள. இறுக்குதுன்னு ஒருத்தரும் திருப்பிக் கொண்டாந்ததில்ல" என்று அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போனவர்கள் வேறு தையல்காரரைத் தேடிக்கொண்டார்கள். கல்யாண விருந்துகளில் அவர் பக்கத்து இடம் கடைசியில்தான் நிரம்பும்.

பிறகு டவுனில் வாந்திபேதி பரவியது. எங்களைப் பெற்ற அத்தா காலையில் விழுந்தவர் அஸருக்குள் போய்விட்டார். அதே நோயில் நானும் நினைவில்லாமல் கிடந்தேன். அக்கா எழுமலையில் தன் மாமியாருக்குத் துணையாக இருந்தது. தகவல் போய் வண்டி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நோய்க்குப் பயந்து யாரும் நெருங்காத வீட்டில் மச்சான் ஒருவராகவே குளிப்பாட்டிக் கபனிட்டிருக்கிறார். அத்தாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அவர் மட்டும்தான்.

வண்டியை விட்டு இறங்கிய அக்கா நேரே அவரிடம் போனது. "ஏங்க, எங்கத்தா எப்படி இருந்தாக? ஒத்த வார்த்தை சொல்லுங்க."

"துஆச் செய் புள்ள."

"நான் என்ன ஊராளா? அவுக பெத்த மக கேக்குறேன்."

"துஆச் செய்" என்றார் மறுபடியும். வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை இல்லை, சத்தம் இல்லை, பேச்சும் இல்லை. "சோறு வச்சிருக்கு" என்று அக்கா சுவரைப் பார்த்துச் சொல்லும். அவர் தனியாகச் சாப்பிட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பார். மக்ரிப் தொழுதுவிட்டு, எல்லோரும் கலைந்த பிறகும், பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஒளுத் தொட்டியோரம் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் பொறுக்க முடியாமல், "அக்கா யாருகிட்டப் போய்ச் சொல்லப்போகுது மச்சான்?" என்று கேட்டுவிட்டேன்.

தண்ணீரையே பார்த்துக்கொண்டு பேசினார். "அவ சொல்ல மாட்டா மாப்ள. ஆனா நல்லதாச் சொன்னா அவ மொகம் தெளிஞ்சிரும். அந்தத் தெளிச்சியப் பாத்தா எதுத்த வீட்டுப் புள்ள, 'நம்ம அத்தாவுக்கு மட்டும் சொல்லலையே'ன்னு நினைக்கும்ல? ஒரு வீட்டுல வாயைத் தொறந்தா, அடுத்த வீட்டுல மூடுறதும் பேச்சாயிருது." இதை அக்காவிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லிவிட்டால், அவர் சொல்லாததை வைத்தே அத்தா எப்படி இருந்தார் என்று அக்கா கணக்குப் போட்டுவிடுமாம்.

யுத்த காலத்தில், துணி கிடைக்காமல் ஊர் திண்டாடியபோது, மச்சான் காய்ச்சலில் மவுத்தானார். நான்தான் குளிப்பாட்டினேன். செம்பின் நெளிவில் என் பெருவிரல் படிந்தது. தண்ணீரை என் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தேன். "கொஞ்சம் சாயுங்க மச்சான்" என்று மெதுவாகச் சொன்னேன். முடித்து வெளியே வந்தேன். கதவுக்குப் பின்னால் அக்கா நின்றது.

"தம்பி, உங்க மச்சான் எப்படி இருந்தாக?"

வாயைத் திறந்துவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னலில் நரை விழுந்த தலையோடு அந்தத் தோல் வியாபாரியின் மகள் நின்றாள். நான் சொன்னேன்: "துஆச் செய்க்கா."

அக்கா என்னையே பார்த்தது. தன் புருஷன் எப்படிப்பட்டவர் என்று அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "இவுகளுக்கும் அதே வார்த்தைதானா..." என்று முணுமுணுத்தது. "அப்ப, எங்கத்தாவுக்கும்..." முடிக்கவில்லை. ஈரச் செம்பை என் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது. "இம்புட்டு வருஷமும் அந்த மனுசனை ஒத்தையில சாப்பிட வச்சுட்டேனேடா தம்பி" என்றது.

அக்காவும் போய்விட்டது. எதிர்வீட்டுப் பெண்ணும் இல்லை. கோச்சடையில் நான் இருக்கும் இந்த வீட்டில் இன்று எனக்கும் எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை. துடைத்த செம்பை மறுபடியும் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதை எடுத்து என் மேல் தண்ணீர் ஊற்றப்போகிறவர் யாரோ, அவரும் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துக்கொள்ளட்டும்.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எழுதியபடியே சொல்லுங்கள். அத்தாவின் முகம் எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியாது. மச்சானின் முகம் எப்படி இருந்தது என்பதை நான் எழுதவில்லை. அந்த இடத்தில் நீங்களும் எதையும் சேர்த்துவிடாதீர்கள்; துஆ மட்டும் செய்யுங்கள்.