லாரிக்கு எண்பதுதான்

அழகு நிலையத்தில் அவளுக்குப் பெயர் நூலக்கா. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் எடுப்பதில் அந்தத் தெருவிலேயே அவளை அடிக்க ஆள் கிடையாது. பல்லில் நூல் இருந்தால் பேச முடியாது. பேசுவதெல்லாம் நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள்தான். யார் வீட்டு மாப்பிள்ளை எங்கே மாட்டினான், யார் புருஷன் இரண்டு போன் வைத்திருக்கிறான் என்று வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, ஆண் குலத்தின் மீதே அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. தன் வீட்டுக்காரரை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்காமல் வைத்திருந்தாள்.

வீட்டுக்காரர் லாரி டிரைவர். துறைமுக நகரத்தில் கன்டெய்னர் ஏற்றி இங்கே கொண்டுவருவது வேலை. ஆள் கல்லுளிமங்கன். எப்படி இருந்தது பயணம் என்று கேட்டால் ரோடு நல்லா இருந்துச்சு என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டுமென்றால் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. ஏற்றிக் கிளம்பும்போது ஒரு போன் செய்வார். அதிலிருந்து ஏழு மணி நேரம் கழித்து வாசலில் நிற்பார். லாரி என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று அவளும் கேட்டதில்லை.

வினை அழகு நிலையத்து முதலாளியம்மா ரூபத்தில் வந்தது. கடைக்குப் புது நாற்காலிகள் பார்த்து வர அவளும் முதலாளியம்மாவும் காரில் துறைமுக நகரத்துக்குப் போனார்கள். அதே சாலைதான். திரும்பும்போது நடுவில் டீ குடித்து, வீட்டுக்காரரின் ஏழு மணி நேரத்தைப் பற்றியும் பேசி, முதலாளியம்மா போனில் ஒரு சண்டையும் போட்டு முடித்து, அங்கிருந்து கிளம்பிய நாலு மணி நேரத்தில் வீடு திரும்பிவிட்டார்கள்.

இறங்கும்போது முதலாளியம்மா சிரித்துக்கொண்டே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். “உன் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏழு மணி நேரம் ஆகுதே, எப்படி? நடுவுல ஒரு சின்ன வீடு இருந்தாதான் கணக்கு சரியா வரும்.”

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் நூலக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். மனுஷர் முகம் தெளிவாக இருந்தது. அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தவர் மாதிரியே இல்லை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டுவிடலாம் என்று வாய் வரை வரும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் விழுங்கிக்கொள்வாள்.

வீட்டில் கொழுந்தன் ஒருவன் உண்டு. செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. தன் அறையில் மேஜை மேல் ஒரு ஸ்டீரிங்கைத் திருகி வைத்துக்கொண்டு, ஐரோப்பாவில் லாரி ஓட்டும் விளையாட்டே கதியென்று கிடப்பான். வீட்டில் ஒருவர் நிஜமாக ஓட்டுகிறார், இன்னொருவன் பொய்யாக ஓட்டுகிறான், எனக்குத்தான் வண்டி இல்லை என்று அவள் அவனைக் கேலி செய்வதுண்டு. இப்போது அந்தக் கேலியை விட்டுவிட்டு, தனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். துறைமுகத்திலிருந்து இங்கே வரும் தூரத்துக்குச் சமமாக ஒரு லோடு பார்த்துக் கொடு என்றாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு, சும்மா பொழுது போகத்தான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விடுமுறை நாளில், வீட்டுக்காரர் லோடு ஏற்றப் போயிருந்த நேரத்தில், ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தாள். அந்த விளையாட்டுக்கென்று தனிக் கடிகாரம் உண்டு. அங்கே ஒரு மணி நேரம் என்பது நமக்குச் சில நிமிஷங்களில் ஓடிவிடும். நூலக்கா முதல் வளைவிலேயே தடுப்பில் இடித்தாள். ஒரு ரவுண்டானாவில் இரண்டு சுற்று சுற்றினாள். நெடுஞ்சாலைக்கு வந்ததும் பழகிவிட்டது. பலகையில் நூற்றியிருபது என்று போட்டிருந்தது, நூற்றியிருபதில் போனாள். சரக்கை இறக்கியபோது கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

லாரியிலும் நாலு மணி நேரம். ஆக முதலாளியம்மா சொன்னது சரி. அவள் கை ஸ்டீரிங்கை விட்டு மடியில் விழுந்தது. அந்த வீடு எந்தப் பக்கம் இருக்கும், அங்கே யார் கதவைத் திறப்பாள் என்றுகூட யோசித்துவிட்டாள்.

பின்னால் நின்ற கொழுந்தனுக்கு இதெல்லாம் தெரியுமா? அவன் பாராட்டினான். “முதல் தடவையே சூப்பர் அண்ணி. நான் போலீஸ், கேமரா, வேகக் கட்டுப்பாடு எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வச்சிருக்கேன், அதான் பறந்துட்டீங்க.”

“ஆஃப் பண்ணினா என்ன? போர்டுல போட்டதைத்தானே ஓட்டினேன்.”

“அது காருக்கு அண்ணி. லாரிக்கு எண்பதுதான்.”

நூலக்கா திரும்பி அவனையே பார்த்தாள். எல்லாவற்றையும் ஆன் பண்ணு என்றாள். அவள் குரல் போன போக்கில் அவன் மறுபேச்சில்லாமல் பண்ணினான். அதே லோடு, அதே சாலை. எண்பதைத் தாண்டியதுமே ஒரு கேமரா பளிச்சென்று மின்னி அபராதம் போட்டது. சற்றுத் தள்ளி இன்னொன்று. ஆத்திரத்தில் மிதித்துப் பார்த்தாள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தொண்ணூறுக்கு மேல் ஏற விடவில்லை. கார்கள் எல்லாம் அவளை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டிப் போயின. பாதி வழியில் திரையில் இருந்த டிரைவர் கொட்டாவி விட ஆரம்பித்தான். முந்தின நாள் கொழுந்தன் ஓட்டிய களைப்பாம். திரை இருண்டு இருண்டு வர, பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினாள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் சட்டமா என்று கேட்டாள். நம் ஊரிலும் இதே கதைதான், அண்ணன் வண்டிப் பின்பக்கம் வட்டமாக எண்பது என்று ஒட்டியிருக்குமே, பார்த்ததில்லையா என்றான் அவன். பார்த்திருக்கிறாள். கம்பெனியில் அது எண்பதாவது வண்டி என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். நடுவில் முக்கால் மணி நேரம் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும் என்பது அண்ணன் கம்பெனியிலும் விதி, நிறுத்தாவிட்டால் வண்டிக்குள் கம்பெனி வைத்திருக்கும் கருவி காட்டிக்கொடுத்துவிடும் என்றும் சொன்னான்.

எண்பதில் போவதாகக் கணக்குப் போட்டு, முக்கால் மணி நேரத்தையும் சேர்த்தால் ஆறு மணி நேரம் வந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். சமையலறைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, முதலாளியம்மாவைப் பெயர் சொல்லாமல் நன்றாகத் திட்டினாள். லாரிக்கும் காருக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு மனுஷரைச் சந்தேகப்பட்ட தன்னையும் சேர்த்துத் திட்டினாள்.

ஆனால் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தது. விட்டுவிடலாம்தான். மூன்று மணி நேரத்தில் இரண்டு கரைந்துபோன தைரியத்தில், கேட்டே விடுவது என்று முடிவு செய்தாள்.

சாயங்காலம் அவர் வந்து சோபாவில் உட்கார்ந்தார். டீயை நீட்டியபடியே அவள் கேட்டாள்.

“லாரிக்கு எண்பதுதான், தெரியும். நடுவுல முக்கால் மணி நேரம், அதுவும் தெரியும். அப்புறமும் ஒரு மணி நேரம் இடிக்குது. அந்த நேரத்துல எங்க இருந்தீங்க?”

கல்லுளிமங்கன் முகத்தில் முதல் முறையாக அசடு வழிந்தது. டீயைக் கீழே வைத்தார்.

“இங்க கம்பெனி யார்டுலதான், லாரியெல்லாம் நிறுத்துற எடத்துல. வண்டியை நிறுத்திட்டு கேபின்லயே படுத்து ஒரு தூக்கம் போடுவேன். அப்புறம் மூஞ்சி கழுவிட்டு வருவேன்.”

“வீடு இருக்கும்போது அங்க எதுக்குத் தூங்கணும்?”

அவர் சோபாவின் கைப்பிடியைத் தடவினார். “முன்னாடி வந்ததும் இந்த சோபாலயே சாஞ்சிடுவேன். மரக்கட்டையோட குடும்பம் நடத்துறேன்னு ஒரு நாள் அழுதியே. அதான், வந்தா முழிச்சுக்கிட்டு இருக்கணும்னு.”

அவள் அப்படிச் சொன்னதாக அவளுக்கு நினைவே இல்லை. எந்தக் கோபத்தில் எந்த நாளில் சொன்னாளோ. அவர் அதை இத்தனை வருஷம் சுமந்துகொண்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் யார்டின் இரைச்சலில், அந்தக் குறுகலான படுக்கையில் காலை மடக்கிப் படுத்து எழுந்து வந்திருக்கிறார். சின்ன வீட்டைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

“இனிமே அந்தத் தூக்கத்தை இங்க வந்து தூங்குங்க” என்றாள்.

மரக்கட்டை என்று திட்டக்கூடாது என்றார் அவர். திட்ட மாட்டேன் என்று அவள் தலையணையை எடுத்து வந்து பார்த்தபோது மனுஷர் ஏற்கெனவே சாய்ந்திருந்தார். டீ அப்படியே இருந்தது. அவள் அவர் காலை நீட்டிவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த டீயைத் தானே குடித்தாள்.