அறுபத்து மூன்றாவது உறை

பிரான்சில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. இங்கே வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. முதல் சுற்றுக்கு எட்டு வேட்பாளர், ஆளுக்கொன்றாக எட்டுச் சீட்டு. இரண்டாம் சுற்றுக்கு இரண்டு. மின்கட்டண ரசீதோடு சாப்பாட்டு மேசையில் கிடக்கும். வேண்டியதை மடித்து எடுத்துக்கொண்டு சாவடிக்குப் போய், அங்கே தரும் உறைக்குள் வைத்துப் பெட்டியில் போடலாம். ஒன்று காணாமல் போனால் யாரிடம் முறையிடுவது என்று நான் நாளுக்கு இரண்டு முறை எண்ணிப் பார்ப்பேன்.

எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு பெண்மணி. முதியோர் இல்லத்தில் பத்தொன்பது ஆண்டுகள் செவிலியர். பிறகு தொழிற்சங்கம், நகரமன்றம், அங்கிருந்து நாடாளுமன்றம். இருமுறை ஜெயித்தவர், மூன்றாம் முறை நின்றார். ஓய்வு வயதை உயர்த்தும் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் பெண்களுக்கு, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும் நேரத்துக்கும் கூலி வேண்டும் என்று விடாமல் பேசினார். வெளிநாட்டவரின் வசிப்புரிமையை இறுக்கும் மசோதாவை எதிர்த்ததற்காக வசவுக் கடிதங்கள் வாங்கினார். சபையில் அவர் கேட்ட கேள்விகளை இணையத்தில் எண்ணியிருக்கிறேன்: நூற்றுப் பதினேழு. எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடில்லை. அணுமின் நிலையங்களை மூடச் சொல்கிறார். கட்டணம் ஏறுமே என்று எனக்குக் கவலை. தீராத நோயாளி சாக விரும்பினால் மருத்துவர் உதவலாம் என்கிறார். எழுபத்தாறு வயதில் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் திருப்பிவிடுகிறேன். ஆனாலும் என் வாக்கு அவருக்குத்தான்.

காரணம் உண்டு. என் மனைவியின் குடியுரிமை விண்ணப்பம் இருபத்தாறு மாதம் நகரவில்லை. ‘பெர்மனான்ஸ்’ எனப்படும் அவருடைய தொகுதி அலுவலகத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை போனோம். மனைவி டிபன் பாக்ஸில் சுண்டல் எடுத்து வந்திருந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அந்த அம்மாள் கோப்பைப் படித்துக்கொண்டே டப்பாவைக் காலிசெய்துவிட்டு, தேங்காயா இது என்று கேட்டார். எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. செவிலிமேட்டுப் பள்ளியில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைப்பதற்கு முன், நாங்கள் வாலாஜாபாத் பக்கம் ஒரு தெருவில் இருந்தோம். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் தெருமுனையிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். ஒருமுறை அப்பா சொம்பில் தண்ணீர் நீட்டினார். வேட்பாளரின் டிரைவர் அதை வாங்கித் தரையில் வைத்தான். நான்கு தேர்தல் பார்த்தேன்; எங்கள் வீட்டுத் தண்ணீரை ஒருவரும் குடிக்கவில்லை.

அந்த அம்மாள் எழுதிய கடிதத்துக்குப் பிறகு, மூன்றாம் மாதம் குடியுரிமை வந்தது. எழுபதாவது வயதில் என் மனைவி பிரெஞ்சுக்காரியாக முதல் வாக்கைப் போட்டாள்.

வாக்குப்பதிவு முடிந்ததும் எண்ணுவதற்கு இங்கே வாக்காளர்களையே கூப்பிடுகிறார்கள். காஞ்சிபுரத்தில் எண்ணும் இடத்தைச் சுற்றித் தடுப்பும் போலீசும் நிற்கும். இங்கே என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மேசைக்கு நால்வர், நூறு உறைகள். நான் பிரித்துக் கொடுக்க, ரொட்டிக்கடைக்காரம்மா பெயரை வாசிக்க, மற்ற இருவர் கோடு போட்டார்கள். அறுபத்திரண்டு உறைகள் முடிந்தபோது எங்கள் ஆள் இரண்டு வாக்கு பின்தங்கியிருந்தார்.

அறுபத்து மூன்றாவது உறையில் அவர் பெயர் இருந்தது. சீட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள். விரல்நுனி அளவு, நான்கும் ஒரே அளவு. யார் விரல் என்று எனக்குத் தெரியும்.

“ஐயோ, கறிக்குழம்பு!” என்று ரொட்டிக்கடைக்காரம்மா சிரித்தார். “சாப்பாட்டு மேசையில வெச்சிருப்பாங்க. கறைதானே, செல்லும். அடுத்தது பிரிங்க, மெஸ்யே.”

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மனைவியின் வாக்கும் நிற்கும், சுண்டல் சாப்பிட்டவருக்கு ஒன்று கூடும். ஆனால் அடுத்த உறையை எடுக்கக் கை வரவில்லை.

“கறை இல்லை, மதாம். வேண்டுமென்றே வைத்தது. எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கு இப்படி வைப்போம். நல்லது நடக்கட்டும் என்று.”

“வாழ்த்தா? வாழ்த்தினதுக்கா தண்டனை?”

சாவடித் தலைவரை அழைத்தார்கள். அடையாளம் வேண்டுமென்றே இட்டதென்றால் ‘நுல்’, செல்லாது என்றார் அவர். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே நின்றாள்.

“நர்சம்மா கெலிச்சிட்டாங்களா?”

“கெலிச்சிட்டாங்க. உன் ஓட்டுதான் செல்லல. மஞ்சள் வச்சிருக்கியே.”

“பின்ன, நல்ல காரியத்துக்கு வெறும் காகிதத்தையா குடுப்பாங்க? யாரு கண்டுபுடிச்சது?”

“நான்தான்.”

“நல்லாருக்குது! ஊரையெல்லாம் எண்ணிக்கினு இருந்து, கடைசில என்னையே கழிச்சிட்டீங்களா?” திரும்பி உள்ளே போனவள் நின்றாள். “கிழிச்சிப் போட்டுட்டாங்களா?”

இல்லை என்றேன். செல்லும் சீட்டுகளைத்தான் முடிவு அறிவித்த பிறகு அழிப்பார்கள். செல்லாததை அதன் உறையோடு பதிவேட்டில் இணைத்து, கையெழுத்திட்டு, மாவட்ட அரசு அலுவலகமான பிரெஃபெக்சருக்கு அனுப்புவார்கள்.

“அப்ப உங்களுது?”

“அழிச்சிருப்பாங்க.”

அவள் தட்டு எடுத்து வைத்தாள். சாப்பிடும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்ணிக்கையில் சேர்ந்த என் சீட்டு இனி எங்கும் இல்லை. எண்ணிக்கையில் சேராத அவளுடையது, மூலைக்கு ஒரு விரல்தடத்தோடு, பிரெஞ்சு அரசாங்கத்தின் கோப்பில் இருக்கிறது.