பசுவும் பாசமும் ஒரு பரிசுக் கோப்பும்

1. பட்டியலில் இல்லாத பாடம்

தேர்வுப் பிரிவிலிருந்து உதவித்தொகைப் பிரிவுக்குக் கண்காணிப்பாளராக மாற்றலாகிப் போன முதல் நாள், நாற்காலியைத் துடைத்து உட்காருவதற்குள் போன் அடித்தது. விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் இடத்திலிருந்து ஓர் அதிகாரி பேசினார்.

"மேடம், உங்க காலேஜ்ல ஜெஸீமா பேகம்னு ஒரு பொண்ணு. பிசியோதெரபி படிக்குது. ஆஸ்பத்திரியில டிரெய்னிங் எடுத்த சர்ட்டிபிகேட்டை இன்னும் அப்லோடு பண்ணலையே?"

எங்கள் கல்லூரியில் பிசியோதெரபியே கிடையாது. தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வயல்களுக்கு நடுவில் நிற்கும் கலை அறிவியல் கல்லூரி அது. விசாரித்தால் அந்தப் பெண் எம்.ஏ. தத்துவம். போர்ட்டலில் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஃபார்மசி முடிந்ததும் பிசிக்ஸ் வந்துவிடுகிறது. ஆங்கில அகரவரிசையில் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஃபிலாசஃபி, அதாவது தத்துவம், இல்லை. எனக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர், பக்கத்தில் இருந்தவற்றில் நீளமான பேராகப் பார்த்துத் தட்டிவிட்டார்.

"சார், அவங்க தத்துவம் படிக்கறாங்க. நோயாளி யாரையும் தொட மாட்டாங்க" என்றேன்.

"தத்துவமா? அதுக்கெல்லாம் ஸ்காலர்ஷிப் இருக்கா?" என்று அவர் என்னையே கேட்டார்.

"மற்றவை" என்ற இடத்தில் பாடத்தின் பெயரைத் தட்டச்சு செய்து மறுபடி அனுப்பினேன். விருப்பப் பாடம் என்ற கட்டத்தில் சைவ சித்தாந்தம் என்று போட்டேன். பத்து நாளில் திரும்பி வந்தது. குறிப்பு இப்படி இருந்தது: "மதம்: இஸ்லாம். பாடம்: சைவ சித்தாந்தம். முரண்பாடு உள்ளது. சரிசெய்து அனுப்பவும்."

இரண்டில் எதைச் சரிசெய்யச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஜெஸீமாவைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

அதிராம்பட்டினத்துப் பெண். வாப்பா சவுதியில் இருந்துவிட்டு வந்து பாத்திரக்கடை வைத்திருந்தார். குறிப்பைப் படித்ததும் கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

"மேடம், நான் எக்கனாமிக்ஸ் கேட்டுத்தான் வந்தேன். சீட் முடிஞ்சிருச்சுன்னாங்க. தத்துவத்துல கேக்காமலே குடுத்தாங்க."

"சரி, அதுல சித்தாந்தத்தை ஏம்மா எடுத்தே?"

"விருப்பப் பாடம் ரெண்டு மேடம். இன்னொண்ணை எடுக்கற சார் ரிட்டயர்டு ஆயிட்டாரு. மொத நாள் கிளாஸ்ல சித்தாந்தம் எடுக்கற சார் ஒரு கேள்வி கேட்டாரு. எனக்குப் பதில் தெரியலை. அந்தக் கடுப்புலதான் படிக்க ஆரம்பிச்சேன். அப்புறம் விட முடியலை."

அன்று மாலை பதில் எழுதினேன். "மதம் மாணவியுடையது. பாடம் பல்கலைக்கழகத்துடையது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று விதி இருந்தால் நகல் அனுப்பவும்." அப்படி ஒரு விதியை அவர்கள் தேடினார்களா இல்லையா, தெரியாது. உதவித்தொகை வந்தது. ஆனால் கல்வியாண்டு முடிந்த பிறகு வந்தது.

2. எம்.ஜே.பி.

அந்தக் கோடையில் தேர்வு முடிவு வந்தது. சைவ சித்தாந்தத் தாளில் ஜெஸீமா முதல் மதிப்பெண். அத்தோடு சிக்கலும் வந்தது.

அம்மாப்பேட்டைப் பக்கம் அரிசி மில் வைத்திருக்கும் சிவப்பிரகாசம் என்பவர், தன் அப்பா பெயரில் எங்கள் கல்லூரியில் ஒரு அறக்கட்டளைப் பரிசு வைத்திருந்தார். பரிசுக் கோப்புகளும் என் பிரிவில்தான் இருந்தன. அந்தத் தாளில் முதலாவது வருகிறவருக்குப் பரிசு. ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு நிபந்தனை. தொடர்ந்து இரண்டு வருடம் பரிசு வழங்கப்படாவிட்டால் அறக்கட்டளை வணிகவியல் துறைக்குப் போய்விடும். போன வருடம் தாளை எழுதியவர் ஒரே ஒருவர். அவரும் தேறவில்லை. வணிகவியல் துறைத்தலைவர் வாரத்துக்கு ஒருமுறை என் மேசைப் பக்கம் வந்து, "என்ன மேடம், இந்த வருஷம் தத்துவத்துல யாராச்சும் பாஸா?" என்று உடம்பு சரியில்லாதவரை விசாரிப்பது போல விசாரித்துவிட்டுப் போவார்.

ஜெஸீமா பிஎச்.டி.க்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அதோடு இணைக்க இந்தப் பரிசுச் சான்றிதழ் அவளுக்கு வேண்டும். தத்துவத் துறைக்கோ இருந்ததே அந்த ஒரு பரிசுதான்.

கோப்பை முதல்வரிடம் எடுத்துக்கொண்டு போனேன். பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"மேடம், டோனர் நெத்தி நெறையத் திருநீறு பூசறவரு. இந்தப் பேரைப் போட்டு லெட்டர் அனுப்பினா என்ன நெனப்பாரு?"

"ஆவணத்துல மதம்னு ஒரு வார்த்தைகூட இல்லை சார்."

"ஆவணத்துல இருக்காது மேடம், மனசுல இருக்கும். அனுப்பாம இருந்துட்டா?"

"காமர்ஸுக்குப் போயிடும் சார்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "பேரை இனிஷியலாப் போட்டுடலாமா? அப்பா எழுத்தையும் சேத்து எம்.ஜே.பி.ன்னு?"

"பரிசு வாங்க மேடைக்கு வரும்போது?"

"அது அன்னைக்குள்ள பாடு."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன பயம் எனக்கும் உள்ளுக்குள் இருந்தது. இல்லையென்றால் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்திருக்க மாட்டேன். என் கையாலேயே எம்.ஜே.பி. என்று அடித்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நான்காம் நாள் போன்.

"நான் மில்லுலேருந்து சிவப்பிரகாசம் பேசறேங்க. எம்.ஜே.பி.ன்னு ஒரு லெட்டர் வந்திருக்கு. இது புள்ள பேருங்களா, உரக் கம்பெனி பேருங்களா?"

"மாணவி பேருதாங்க அய்யா."

"அப்படியா. வியாழக்கிழமை அந்தப் புள்ளையைக் கூட்டிக்கிட்டு மில்லுக்கு வாங்க. ஒரு விஷயம் கேக்கணும்."

முதல்வரிடம் சொன்னேன். வியாழக்கிழமை அவர் விடுப்புப் போட்டுவிட்டார்.

3. மில்லில் ஒரு பாடம்

நெல் அவியும் வாசனை பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தது. களத்தில் அவித்த நெல்லைப் பெண்கள் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இயந்திரம் ஓடிய ஓட்டத்தில் தரை அதிர்ந்தது. சிவப்பிரகாசத்துக்கு அறுபது வயதிருக்கும். திருநீறு முதல்வர் சொன்னதைவிட அதிகமாகவே இருந்தது. அவர் ஜெஸீமாவின் முக்காட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வழியெல்லாம் பஸ்ஸில் நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஆரம்பித்தேன்.

"அய்யா, அறக்கட்டளை ஆவணத்துல என்ன சொல்லியிருக்குன்னா..."

"என்னங்க?" சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"ஆவணத்துல...!"

"உக்காருங்க மொதல்ல. நோன்பு எதுவும் இல்லையேம்மா? மோர் குடிப்பியா?"

மோர் வந்தது. குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, அவர் நாற்காலியை ஜெஸீமா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கப்பா தினம் காலையில சித்தாந்தப் புஸ்தகம் படிப்பாரு. எனக்கு மில்லுதான் தெரியும். கடைசி காலத்துல படுத்துட்டாரு. ஒரு நாளு என்னைக் கூப்பிட்டு, 'பசுவைப் பாசம் கட்டியிருக்குடா, அவிழணும்'னாரு. நான் ஓடிப் போயி கொட்டாயில இருந்த மாட்டை அவுத்து விட்டுட்டேன்."

ஜெஸீமா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அது நேரா எங்க பங்காளி வயல்ல எறங்கிருச்சு. சம்பா கதிர் வாங்கற நேரம். அவன் வந்து கத்த, நான் கத்த, அத்தோட பேச்சுவார்த்தை நின்னுபோச்சு. திரும்ப வந்து அப்பாகிட்ட, 'அவுத்துட்டேம்ப்பா'ன்னேன். அவரு சிரிச்சாரு. சந்தோஷத்துல சிரிக்கிறாருன்னு இருந்துட்டேன். மறுவாரம் போயிட்டாரு. அவரு எதுக்கு சிரிச்சாருன்னு அப்புறந்தான் சந்தேகம் வந்துச்சு. இதைத் தெரிஞ்சுக்கத்தாம்மா பரிசே வச்சேன். வாங்குன புள்ளைங்களை எல்லாம் மேடையிலயே கேட்டுப் பாத்தேன். எல்லாம் நன்றின்னு சொல்லிட்டு எறங்கிடுதுங்க. நீயாவது சொல்லு."

அவள் துளியும் தயங்கவில்லை. மில் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"அய்யா, சித்தாந்தத்துல பசுன்னா மாடு இல்லீங்க! உயிரு! உங்க உயிரு, என் உயிரு!"

"மாடு இல்லையா?"

"இல்லீங்க! பாசம்னா உயிரைக் கட்டியிருக்கற கயிறு! ஆணவம், கன்மம், மாயைன்னு மூணு! கடவுளோட அருளாலதான் அது அவிழும்னு சொல்றாங்க! உங்கப்பா தன் உயிரைப் பத்திச் சொல்லியிருக்காங்க!"

களத்தில் நெல் கிளறிய பெண்கள் கிளறுவதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஆணவம்னா திமிருதானே? எனக்கு அதெல்லாம் கெடையாதும்மா."

"பங்காளிகிட்ட யாரு மொதல்ல பேசறதுன்னு ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருக்கீங்கல்ல அய்யா, அதுல கொஞ்சம் இருக்குது!"

நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முடிந்தது, பரிசு காமர்ஸுக்குத்தான் என்று நினைத்தேன். சிவப்பிரகாசம் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தார். பெல்ட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. மில் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அங்கே வேலை செய்தவர்களுக்கே தெரிந்திருக்காது.

"இன்னொரு தடவை சொல்லும்மா. நிதானமா" என்றார்.

அவள் சொன்னாள். ஒரு மணி நேரம் சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இடையிடையே கையை உயர்த்திக் கேட்டார். அப்பா சிரித்த இடம் வந்தபோது, "என் மவன் இவ்வளவுதான்னு தெரிஞ்சுதான் சிரிச்சிருக்காரு" என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவரும் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

கிளம்பும்போது என்னிடம், "புள்ள பேரு ஜெஸீமா பேகம்னு அழகா இருக்கே, ஏன் சுருக்குனீங்க?" என்றார். தட்டச்சில் இடம் போதவில்லை என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

4. விழா நாள்

பதினைந்து நாள் கழித்து அவரே போன் செய்தார். "பங்காளி வீட்டுக்குப் போனேங்க. காபி குடுத்தான். ஆனா ஒரு நாளு அவன் மாடு என் வயல்ல மேஞ்சாத்தான் சமாதானம்ங்கறான். அறுத்த வயல்ல விட்டுட்டேன்."

பரிசளிப்பு விழாவில் ஜெஸீமாவின் முழுப் பெயரையும் முதல்வரே மைக்கில் வாசித்தார். வாசித்துவிட்டுப் பக்கவாட்டில் டோனரை ஒரு பார்வை பார்த்தார். டோனர் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் வாப்பா செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் இருந்த பதற்றத்தில் படத்தில் முதல்வர் மட்டும்தான் பதிவாகியிருந்தார் என்று ஜெஸீமா பின்னால் சொன்னாள். சான்றிதழ் விண்ணப்பத்தோடு போனது. இப்போது ஆராய்ச்சி செய்கிறாள்.

உதவித்தொகை, பரிசுப் பிரிவுகளில் புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. நான் சொல்வது ஒன்றுதான். சிவப்பிரகாசத்தின் மனதில் இருப்பதாக நாங்கள் நடுங்கிய அந்த எண்ணம் அவர் மனதில் ஒருநாளும் இருந்ததில்லை. அதை முதல்வர் அறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து உண்டாக்கி, கோப்பில் ஏற்றி, பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். ஒருவர் என்ன நினைப்பார் என்று தெரியவேண்டுமானால் பஸ் ஏறிப் போய் அவரையே கேட்டுவிடுவது நல்லது.

விழா முடிந்து மேடையை விட்டு இறங்கிய சிவப்பிரகாசம் நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், அடுத்த வருஷம் பரிசு வாங்கறது யாரா இருந்தாலும் மில்லுக்கு அனுப்பி வைங்க. ஆணவம்தான் ஓரளவுக்குப் புரிஞ்சிருக்கு. கன்மமும் மாயையும் அப்படியே கெடக்கு."