மானுக்குக் கொடுத்த வெளிச்சம்

நவம்பர் பதினைந்தாம் தேதி எங்கள் பக்கத்தில் ஆம்பளை எவனும் வீட்டில் இருக்க மாட்டான். மான் வேட்டை தொடங்கும் நாள். பள்ளிக்கூடமே மூடிக் கிடக்கும். அந்த வருஷம் எங்கள் சாலையில் மிஞ்சியது இரண்டு பேர். ஒருவன் நான். அக்டோபரில் கூரையிலிருந்து விழுந்து வலது காலில் மாவுக்கட்டு. என் வண்டியைக்கூட மச்சான் காட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்னொருவர் எதிர்வீட்டு ரெய்னோ அஹோலா.

ரெய்னோ நான்கு வருஷமாக வேட்டைக்குப் போகவில்லை. அவர் மனைவி ஹில்யாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் தொண்ணூறு மைல் தள்ளியிருக்கும் நகரத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். இவரேதான் ஓட்டுவார். வேறு யாரிடமும் விட்டதில்லை.

எழுபத்தொரு வயது மனிதர். முப்பத்தொரு வருஷம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். பனியிலும் சறுக்கலிலும் ஒரு கீறல் விழாமல் ஓட்டினார் என்று கம்பெனியில் ஒரு பெல்ட் கொக்கி கொடுத்தார்கள். பித்தளை. அதை சர்ச்சுக்கும் போடுவார், விறகு வெட்டவும் போடுவார். நல்ல மனிதர்தான். ஆனால் யாரிடமும் ஓர் உதவி கேட்டு வாயைத் திறக்க மாட்டார். ஒரு தடவை கிணற்று மோட்டார் கெட்டுப்போய் பத்து நாள் பனியை உருக்கிக் குடித்தார்கள். என் வீட்டுக் குழாய் இருநூறு தப்படியில் இருந்தது.

அந்த வாரம் திங்கட்கிழமை பனி கொட்டி ரோட்டை மூடிவிட்டது. ஹில்யா போக முடியவில்லை. நகரத்திலிருந்து கோரின் என்ற நர்ஸ் ஃபோனில் சொன்னாள்: "புதன் பதினோரு மணிக்கு டயாலிசிஸ் நாற்காலி ஒண்ணு ஒதுக்கி வச்சிருக்கேன். அதுவும் தவறிச்சுன்னா நான் பயப்படுவேன். நீங்களும் பயப்படணும்."

செவ்வாய்க்கிழமை மதியம் ரெய்னோ மறுநாள் பயணத்துக்காகப் போய்ப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு திரும்பினார். வீட்டுக்குக் கால் மைல் இருக்கும்போது சவுக்கு மாதிரி ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. அவருடைய பழைய பிக்கப் வண்டியின் இரும்பு பம்பர் இடது பக்கம் மடிந்து, உள்ளே போய் டயரைக் கவ்விக்கொண்டது. ரேடியேட்டர் தப்பியது. டயர் தேயத் தேய வண்டியை எப்படியோ வீடு வரை இழுத்து வந்துவிட்டார்.

அப்போது மணி மூன்று. இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம். அந்த வெளிச்சத்தை அவர் மானுக்குக் கொடுத்தார். ரோட்டோரத்திலேயே குடலை எடுத்து, பலகையைச் சாய்த்து வண்டியில் உருட்டி ஏற்றியிருந்தார். வீட்டில் மான் தொங்கவிடும் கம்பத்தடியில் வண்டியை நிறுத்தி, மரம் கட்டும் சங்கிலியைப் போட்டு மானை மேலே தூக்கித் தொங்கவிட்டார். அலசினார். அடிபட்ட மானுக்கு எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டுக்கு ஃபோன் செய்து, நம்பரை எழுதிக் கொம்பில் கட்டினார். பம்பரைக் காலையில் நாலு அடி அடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கறியை ரோட்டில் விட்டுவிட்டு வண்டியைப் பார்த்தான் என்று எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றிச் சொன்னால் அவன் தலை காட்ட முடியாது.

பதினைந்தாம் தேதி, புதன் காலை எட்டு மணிக்கு ஹில்யா எனக்கு ஃபோன் செய்தாள்.

"டென்னி, கொஞ்சம் வந்துட்டுப் போறியாப்பா. இந்த மனுஷன் ரெண்டு மணி நேரமா வண்டியை அடிச்சுக்கிட்டிருக்கார். எனக்குச் செருப்பு நுழையல. காலு அப்படி வீங்கிக் கிடக்கு."

ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

மான் என்று யாரும் சுட்டுவிடாமல் இருக்க ஆரஞ்சு சட்டையை மாட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு ரோட்டைத் தாண்டினேன். காட்டில் நாலா பக்கமும் துப்பாக்கிச் சத்தம். ரெய்னோ பனியில் முட்டி போட்டிருந்தார். சம்மட்டியின் பிடி இரண்டாக உடைந்து கிடந்தது. ராத்திரிக் குளிரில், பம்பருக்கும் டயருக்கும் நடுவே அடைந்திருந்த சேற்றுப் பனி சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது.

"என்னய்யா, ஊரே துப்பாக்கி எடுத்துட்டுப் போகுது. நீ வண்டியை விட்டு அடிச்சிருக்கே."

"வாயை மூடிட்டு அந்தக் கடப்பாரையைப் பிடி."

"நேத்தே என்னைக் கூப்பிடறதுக்கு என்ன?"

"மானைத் தூக்கிக்கிட்டிருந்தேன்."

"கராஜ் லாய்ட் நாலு மணிக்குத்தான் காட்டுக்குக் கிளம்பினான். மூணு மணிக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா கேஸ் கட்டரோட வந்து நின்னிருப்பான்."

என்னோடு கடப்பாரையைப் பிடித்திருந்த அவர் கை நின்றது. லாய்ட் நாலு மணி வரை ஊரில் இருந்தது அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் சொல்லியாகிவிட்டது.

கதவோரம் போட்டிருந்த நாற்காலியிலிருந்தே கதவைத் திறந்து ஹில்யா சொன்னாள்: "ரெய்னோ, என்னையும் அந்தக் கம்பத்துல தொங்கவிட்டுடு. இந்தக் குளிர்ல கெட்டுப்போக மாட்டேன்."

அவர் கடப்பாரையைப் பனியில் குத்தினார்.

நான் உள்ளே போய் ஃபோனை எடுத்தேன். பதினோரு வீட்டுக்கு அடித்தேன். எல்லாவற்றிலும் பதில் சொல்லும் மெஷின்தான் பேசியது. பெண்கள் எல்லாம் வழக்கம்போல பஸ் பேசிக்கொண்டு நகரத்துக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்களாம். அங்கே டயாலிசிஸ் மெஷின் கிடையாது. கடைசியாகக் கோரினைப் பிடித்தேன்.

"பன்னெண்டரைக்குள்ள வந்துடணும்" என்றாள். "அதுக்கு மேல மெஷின்ல ஏத்தினா முடிக்க ஆள் இல்ல. பாதிப் பேரு லீவு. எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்."

பனி ரோட்டில் இரண்டு மணி நேரப் பயணம். பத்தரைக்குக் கிளம்பினால்தான் உண்டு. மணி ஒன்பது அடித்துவிட்டது.

எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பம்பரைச் சங்கிலியால் மரத்தில் கட்டி, வண்டியைப் பின்னால் எடுப்பது. வண்டிக்கு நேர் எதிரே நல்ல மேப்பிள் மரம் இருந்தது. சங்கிலி மட்டும் மானிடம் இருந்தது.

முடிச்சு உறைந்துபோயிருந்தது. சானா என்ற நீராவிக் குளியல் அறையில் அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்து ஊற்றினோம். முதல் வாளி அப்படியே பனிக்கட்டியானது. மூன்றாவது வாளிக்குச் சங்கிலி விட்டுக்கொடுத்தது. மான் பலகை மாதிரி விறைத்து வண்டியின் பின்தட்டில் தொம்மென்று விழுந்தது. மிச்ச வெந்நீரை டயருக்கு ஊற்றினார். பம்பரைக் கட்டினார். ஏறி ரிவர்ஸ் போட்டார். பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது.

சானா அடுப்புச் சாம்பலை வாரி வந்து சக்கரத்தடியில் கொட்டினார். மறுபடியும் சுற்றியது. சாம்பல் முழுக்க என் மூஞ்சியில்.

"பின்னால கனம் பத்தல" என்றார். "ஏறு."

"கால்ல மாவுக்கட்டுய்யா."

"அந்தக் கட்டும் கனம்தானே. ஏறு."

மான்மேல் உட்கார்ந்தேன். சங்கிலி விறைத்தது. மேப்பிள் மரத்திலிருந்து பனி கொட்டியது. எங்கோ இரும்பு முனகியது. டமார் என்று ஒரு சத்தம். வண்டி ஒரு முழம் பின்னால் போய் நின்றது.

இறங்கிப் பார்த்தோம். டயர் விடுபட்டிருந்தது. ஆனால் இடது பக்கத் தாங்கி ஒடிந்து, பம்பர் வலது பக்கத்தில் மட்டும் தொங்கி மண்ணில் குத்தி நின்றது. அதை வைத்துக்கொண்டு பத்தடி ஓட்ட முடியாது. வலது பக்கத்தைப் பிடித்திருந்தது இரண்டு போல்ட். இருபது வருஷத் துரு. ரெய்னோ ஸ்பேனரைப் போட்டார். அதன் பிடியில் ஒரு குழாயைச் செருகித் தொங்கினார். ஸ்பேனர் வழுக்கி, விரல் மூட்டுத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. மணி பத்து இருபது.

அவர் வண்டியின் பானெட்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அப்படியே நின்றார். உள்ளே ஹில்யா இருமுவது கேட்டது. ஈரமான இருமல்.

"டென்னி" என்றார். "என்ன பண்றதுன்னு தெரியல. நீ சொல்லு."

இருபது வருஷத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் என்னிடமும் ஒன்றுதான் இருந்தது, அது நல்ல பதில் இல்லை.

"சங்கிலியை வலது பக்கம் மாத்து. முழுசாப் பிடுங்கி எறி."

"ரேடியேட்டரையும் சேத்து இழுத்துட்டா?"

"இழுத்துட்டா முடிஞ்சுது. இப்படியே நின்னாலும் முடிஞ்சுதுதான்."

அவர் ஹில்யா இருந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு சங்கிலியை மாற்றினார். நான் மறுபடி மான்மேல் ஏறி, அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். இந்தத் தடவை சங்கிலியைத் தளர்வாக விட்டு, வேகமாகப் பின்னால் எடுத்தார். கீறல் விழாமல் முப்பத்தொரு வருஷம் ஓட்டியவர் தன் வண்டியைத் தானே பிய்த்தார்.

பம்பர் பறந்துபோய் மேப்பிள் மரத்தடியில் விழுந்தது. நான் மாவுக்கட்டோடு கவிழ்ந்து கிடந்தேன். இருவரும் வண்டிக்கு அடியில் பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

ஹில்யாவின் காலுக்கு ரெய்னோவின் ரப்பர் பூட்ஸ்தான் நுழைந்தது. அவளை வண்டியில் தூக்கி வைத்தபோது உதடு நீலமாக இருந்தது.

"மானை இறக்கலையா?" என்றாள்.

"நேரமில்ல" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான வரிசையில் யோசித்தார்.

போகும்போது மணி பத்து முப்பத்தெட்டு. எட்டு நிமிஷம் தாமதம். ஒரு விளக்கு உடைந்து, பம்பர் இல்லாமல், பல் போன வாய் மாதிரி முன்பக்கம்.

நான் அவர்கள் வீட்டுச் சமையலறையிலேயே ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேஜையில் ஹில்யா கடித்து வைத்த ரொட்டி இருந்தது. பன்னிரண்டரை ஆனது. ஃபோன் அடிக்கவில்லை. பன்னிரண்டே முக்கால். ரோட்டோரப் பள்ளங்கள் ஒவ்வொன்றாக என் கண்ணுக்குள் வந்துபோயின. கோரினைக் கூப்பிட இரண்டு தடவை ஃபோனை எடுத்து வைத்துவிட்டேன்.

ஒன்று பத்துக்கு அடித்தது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.

"ரெய்னோ?"

"ஏத்திட்டாங்க" என்றார். "அந்தக் கோரின் வாசல்லயே சக்கர நாற்காலியோட நின்னுச்சு. ரெண்டு மணி நேரம்தான் குடுப்பாங்களாம். மீதி வெள்ளிக்கிழமை."

"மூச்சு?"

"கொஞ்சம் தேவலை. என்னைத் திட்டுது."

அவரே தொடர்ந்தார்.

"வண்டி நிறுத்தற இடத்துல மூணு பேரு வந்து கை குடுத்தானுங்க. நல்ல மான், எங்க சுட்டேங்கறானுங்க."

"நீ என்ன சொன்னே?"

"வண்டிக்கு முன்னால கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"டென்னி, லாய்ட் காட்டுலேருந்து என்னிக்குத் திரும்புவான்? வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்காவது போடணும். நீ கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?"