பக்கத்து மிஷினில் எஸ்தர்

செய்தி வந்தபோது நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். துத்திப்பட்டு தாண்டியிருக்கும். போனில் எஸ்தர் என்று பெயர் விழுந்தது. போனைக் கையில் பிடிக்கக்கூடத் தெம்பில்லை என்று போன வாரம் சொன்னவள் இன்று அவளே கூப்பிடுகிறாள் என்றால் தேறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். "சொல்லுடி, சாப்ட்டியா?" என்றேன். பேசியது அவள் கணவர் டேனியல். "விஜயாக்கா, விடியக்காலைல போய்ட்டாக்கா," என்றார்.

உடனே எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அவள் பக்கத்தில் இல்லாமல் நான் எப்படித் தையல் மிஷினில் உட்காருவேன் என்று மனம் அடித்துக்கொண்டது. துக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இதைப் படிப்பவர்களில் நம் தையல் லைனில் என்னோடு வேலை செய்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நடக்காத காரியத்துக்கு முன்கூட்டியே வியர்ப்பவள் நான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் எஸ்தரும் நானும் தையல் லைனில் பக்கத்துப் பக்கத்து மிஷின். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது எங்கள் வேலை. என்னைவிட அவள் வயதில் சின்னவள், அதனால் அவள் இவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு இல்லை.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு முனை காணாமல் போனாலும் லைன் நிற்கும். அது ஷூவுக்குள் தங்கிவிட்டால் யாரோ ஒரு குழந்தையின் காலில் ஏறும். சரியான சட்டம்தான். ஆனால் லைனே நின்று உன்னைப் பார்க்கும்போது, தரையில் முட்டி போட்டு அரிசி அளவு இரும்பைத் தேடுவது இருக்கிறதே, அந்தப் பதற்றம் எதிரிக்கும் வரக்கூடாது.

எஸ்தர் பக்கத்தில் வந்த புதிதில் எனக்கு அப்படி ஒரு முனை காணாமல் போனது. நான் தரையைத் தேடினேன், மடியைத் தேடினேன், தலைமுடியைக்கூட உதறினேன். எஸ்தர் என் தோளைப் பிடித்து, "முதல்ல உக்காருக்கா," என்றாள். அவளும் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சூப்பர்வைசர் ரஹீம் பாய்க்குக் கோபம். "இன்னாம்மா, டார்கெட் போற நேரத்துல ஜெபமா?" என்றார். "இல்ல பாய், மூச்சு," என்றாள் கண்ணைத் திறக்காமலே. பிறகு என்னிடம் திரும்பி, "உடையும்போது எந்த இடத்துலக்கா தையல் போய்க்கினு இருந்துச்சு?" என்று கேட்டாள். அதுவரை அதை யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. குதிகாலுக்கு மேலே மெத்தென்று வைக்கும் ஸ்பான்ஜ் ஓரம் என்று நினைவு வந்தது. முனை அதற்குள்தான் இருந்தது.

யோகா அவளுக்கு முதுகுவலியால் வந்தது. நாள் முழுக்கக் குனிந்து தைப்பவர்களுக்கு அது வராமல் இருக்காது. அவள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் காலையில் இலவசமாக வகுப்பு நடந்தது. முதுகுக்காகப் போனவள், மூச்சைக் கவனிக்கச் சொன்ன இடத்தில் மாட்டிக்கொண்டாள். வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிஞ்சிய மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து இமைக்காமல் சுடரைப் பார்ப்பாளாம். சபையில் ஒரு அம்மா இதெல்லாம் நமக்கு எதுக்கு என்று கேட்டிருக்கிறார். "ஆண்டவர் குடுத்த மூச்சத்தான் ஆன்ட்டி பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகும் ஞாயிறு ஆராதனையில் அந்த அம்மா பக்கத்தில்தான் உட்காருவாள்.

பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் கேன்டீனுக்குப் பின்னால் எங்களில் சிலரை உட்கார வைத்தாள். நான்தான் அந்த வகுப்பின் மக்கு. கண்ணை மூடினால் எனக்கு கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று வரும். அதை விரட்டினால் பெங்களூரில் நர்சிங் படிக்கும் மகள் ஏன் நேற்று பேசவில்லை என்று வரும். "இது எனக்கு ஆவாது எஸ்தரு, ஜாஸ்தி பேஜார்தான் ஆவுது," என்று எழுந்துவிட்டேன். அவள் சிரித்தாள். "ஓடறத தடுக்காதக்கா. ஓடிடுச்சுன்னு தெரிஞ்சா போதும். போய் கூட்டினு வா."

"ஸ்கூல்லருந்து புள்ளைய கூட்டினு வர்ற மாதிரியா?"

"ஆமா. ஆனா அடிச்சு இழுத்துக்கினு வராத."

அன்று முழுக்க மனதைக் கூட்டிவந்து கூட்டிவந்தே எனக்குக் கால் வலித்தது என்று அவளைக் கேலி செய்தேன்.

போன மழைக்காலத்தில் மகளுக்கு டைபாய்டு. லீவு கிடைக்காமல் இங்கே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். கை இங்கே, மனம் பெங்களூரில். ஊசி உடைந்தது, மறுபடி உடைந்தது. ரஹீம் பாய் கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார். "இன்னொருவாட்டி ஒடஞ்சா டேபிளுக்கு மாத்திடுவேம்மா," என்றார். டேபிள் என்றால் பசை தடவுவது, நூல் வெட்டுவது. சம்பளம் கம்மி என்பது ஒரு பக்கம். இத்தனை வருஷம் மிஷினில் உட்கார்ந்த எனக்கு வேறு அடையாளம் கிடையாது. எழுந்து போய் மேசை முன்னால் நிற்கும்போது லைன் முழுக்கப் பார்க்கும்.

எஸ்தர் எனக்கு ஆசனம் எதுவும் சொல்லவில்லை. "ஊசியப் பாரு. ஒரு மூச்சு உட்டுட்டு அப்பறம் பெடல மிதி. ஒவ்வொரு பீஸுக்கும் அவ்ளோதான்," என்றாள். செய்தேன். அந்த ஒரு மூச்சு நேரத்தில் மகள் வருவாள், காய்ச்சல் வரும், ஊசிமுனை மறுபடி கண்ணில் படும், மிதிப்பேன். வேகம் குறையும் என்று பயந்தேன், குறையவில்லை. ஊசி உடைவது நின்றது. ஆனால் அது என் திறமை என்று நான் ஒரு நாளும் நம்பியதில்லை. பக்கத்தில் எஸ்தர் இருக்கிறாள், அவள் அமைதி என் மேல் கொஞ்சம் ஒட்டுகிறது என்றுதான் நினைத்தேன். அதனால் அவளுக்கு உடம்பு முடியாமல் போனபோது அவளை நினைத்து ஒன்று, என் மிஷினை நினைத்து ஒன்று என்று இரண்டு பயம் சேர்ந்து வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாங் பஜாரில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, வேலூர் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கப் போனேன். பாதியாகியிருந்தாள். அவளுக்கு ஆறுதல் சொல்லப் போனவள் நான், உட்கார்ந்ததும் என் பாட்டைப் பாட ஆரம்பித்தேன். நீ இல்லாமல் தையல் கோணுகிறது, டேபிளுக்குத்தான் போகப்போகிறேன் என்றெல்லாம். கடைசியில், "நீ மட்டும் எப்பிடிடி பதறாம இருக்கே?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா?" என்றாள். "எனக்கு இந்த மூச்சுல மனசு நிக்கறதே இல்லக்கா. கண்ண மூடினா ஸ்கேன் வருது, புள்ளைங்க வருது. இங்க படுத்துக்கினு ஒரு நாளும் முடியல. லைன்ல இருந்தா உன் மிஷின் சத்தம் இருக்கும். அத்தப் புடிச்சுப்பேன்."

"என் மிஷினா? அது தத்தித் தத்தி ஓடுமே."

"அதனாலதான். ஒழுங்கா ஓடற சத்தம் கேட்டா தூக்கம்தான் வரும். உன்னுது எப்ப நிக்கும்னு தெரியாது. காது அங்கயே கெடக்கும். காது கெடந்தா மனசும் கெடக்கும்."

இத்தனை காலம் நான் அவள் மேல் சாய்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சாத்துக்குடியை உரித்துக் கொடுத்தேன். இரண்டு சுளை சாப்பிட்டாள், போதும் என்றாள். அதுதான் நாங்கள் கடைசியாக உட்கார்ந்து பேசியது.

அடக்கத்துக்கு நம் லைனில் பாதிப் பேர் வந்திருந்தீர்கள். ரஹீம் பாய் கல்லறைத் தோட்டத்துக் கேட்டருகே கைகட்டிக்கொண்டு கடைசி வரை நின்றார். மறுநாள் வேலைக்குப் போனபோது எஸ்தரின் மிஷினில் வேறு லைனிலிருந்து மும்தாஜை உட்கார வைத்திருந்தார். நல்ல கை அவளுக்கு. ஆனால் இந்த ஷூ மாடல் அவளுக்குப் புதிது. நான் என் இடத்தில் உட்கார்ந்து ஊசியைப் பார்த்தேன். மூச்சு நெஞ்சிலேயே நின்றது. சவப்பெட்டி கண்முன் வந்தது. மனதைக் கூட்டிவந்தேன், போய்விட்டது, மறுபடி கூட்டிவந்தேன். இன்று உடையும், இன்றே டேபிள் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

அப்போது மும்தாஜின் மிஷின் காதில் விழுந்தது. வளைவு வரும் இடத்தில் நிற்கும், பிறகு பயந்ததுபோல வேகமாக ஓடும், மறுபடி நிற்கும். அடுத்த வளைவை எப்படித் தாண்டப்போகிறாள் என்று என் காது அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு தடவை சத்தம் தாறுமாறாகப் போனபோது திரும்பிப் பார்த்தேன். தோலை இழுத்துப் பிடித்திருந்தாள். "இழுக்காத மும்தாஜு, அதுவே திரும்பும்," என்றேன். தலையாட்டினாள். அதற்குப் பிறகு நான் எத்தனை பீஸ் தைத்தேன் என்று எனக்குத் தெரியாது. டீ நேரத்துக்கு மணி அடித்தபோதுதான் கவனித்தேன். காலையிலிருந்து ஊசி உடையவில்லை. மும்தாஜின் சத்தம் காதில் விழுந்த பிறகு சவப்பெட்டியும் வரவில்லை, மகளும் வரவில்லை.

டீ முடிந்து வந்து உட்கார்ந்தேன். எஸ்தர் என் மிஷினைக் கேட்டுக்கொண்டிருந்தது இப்படித்தானா என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணை நீர் மறைத்துவிட்டது. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். லைனில் எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருக்க, மும்தாஜுடையது மட்டும் நின்றது. "இன்னாக்கா? உங்க சத்தம் நின்னுடுச்சே," என்று என் பக்கம் குனிந்தாள். எல்லோரும் பார்க்க அழுதேன். ரஹீம் பாய் வந்து பார்த்துவிட்டு அடுத்த மிஷினுக்குப் போனார்.

எஸ்தர் கற்றுக்கொடுத்ததில் எனக்கு மிஞ்சியிருப்பது பக்கத்தில் இருப்பவளைக் கேட்கும் இந்தக் காது ஒன்றுதான். மூச்சு இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பயம் தினமும் என்னோடு பஸ் ஏறுகிறது. ஆனாலும் மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறேன், எஸ்தரு.