கத்தாத கோச்

எங்கள் குடும்பத்தில் ஒரு மனிதன் நல்லவனா கெட்டவனா என்பதை அவனுடைய குரலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கத்துகிறவன் நல்லவன், மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டான். கத்தாதவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பது பெரியப்பாவுக்கு வேதவாக்கு. அப்பா கணக்கு வாத்தியார். அவருடைய குணம் பள்ளிக்கூடத்தில் நான்கு வகுப்பறைகள் தாண்டியும் கேட்கும் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள்.

மயிலாப்பூரில் கடலை ஒட்டிய பக்கம் எங்கள் வீடு. எங்கள் சர்ச் பங்குக்கு, ஃபாதரின் பொறுப்பில், ஒரு கால்பந்து டீம் இருந்தது. பாதி புல்லும் பாதி மணலுமான ஒரு மைதானம், அதன் ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர். ஆட்டம் நடக்கும் நாட்களில் அப்பா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த பெரியப்பா, அவர்களுடைய கூட்டாளிகள் பத்துப் பேர் அந்தச் சுவரில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களில் ஒருவரும் இளவயதில் பிரமாதமாக ஆடியவர் இல்லை. ஆனால் கோச்சுகளை எடைபோடுவதில் அத்தனை பேரும் கரைகண்டவர்கள். வெளிநாட்டு ஆட்டங்களின் துண்டு வீடியோக்களை போனில் பார்ப்பார்கள். கோட்டு போட்ட கோச் ஒருவர் தண்ணீர் பாட்டிலை எட்டி உதைத்தால், "ஆளு சரியானவன்" என்று பாராட்டு கிடைக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அவர் கதை முடிந்தது என்று அர்த்தம்.

எங்கள் பழைய கோச் அவர்கள் மனதுக்குப் பிடித்தவர். ஒரு பாஸ் தவறினால் அவருடைய செருப்பு மைதானத்துக்குள் பறக்கும். பையன்கள் குனிவார்கள், சுவர் கைதட்டும். முட்டியில் ஆபரேஷன் ஆகி அவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனபோது பெரியப்பா அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்குப் பதிலாக வந்தவர் ஒல்லியாக, கையில் துணிப்பையோடு, மேற்கு மாம்பலத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். முதல் சந்தேகம் அங்கேயே ஆரம்பித்தது. மாம்பலத்திலிருந்து ஒருவர் புடவை வாங்கிவரலாம், அப்பளம் வாங்கிவரலாம், கால்பந்து எப்படிக் கொண்டுவர முடியும் என்று சுவரில் பேசிக்கொண்டார்கள். இரண்டாவது சந்தேகம், அவர் கத்தவில்லை. காலி பெயின்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பார். பையன்கள் தப்பு செய்தால், "இன்னொரு தடவ" என்பார். அவ்வளவுதான். முதல் ஆட்டத்தில் எங்கள் டீம் அடுத்தடுத்து மூன்று கோல் வாங்கியது. மூன்றாவது கோல் விழுந்த நேரத்தில் அவர் ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டார்.

"தோத்துக்கினு கீறப்ப ஒரு மனுசனுக்கு டீ எப்டி எறங்கும்?" என்றார் பெரியப்பா. "சொல்லு. எறங்குமா?"

"காசு வாங்கினவனுக்கு எறங்கும்" என்றார் அப்பா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணனுக்குப் பதினைந்து; டீமில் இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரன். பள்ளி விட்டதும் அண்ணனோடு பிராக்டீசுக்குப் போய் மைதான ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதுவது என் வழக்கம். அதனால் கோச்சைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பெரியப்பா என்னிடம் ஒப்படைத்தார். யாரும் என்னைக் கவனிக்க மாட்டார்கள், நான் எல்லாவற்றையும் கவனிக்கலாம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். கோச் இன்று நாலு முறை வாட்ச் பார்த்தார். கோச் கோல்கீப்பர் அண்ணாவைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். நம் அண்ணனையும் கூப்பிட்டுச் சொன்னார்.

அன்றைக்கு அண்ணனைச் சாப்பிட விடாமல் அப்பா விசாரித்தார். கோச் காதில் என்ன சொன்னார்?

"ஒண்ணும் இல்லப்பா. பந்து வர்றப்ப மூச்ச அடக்காத, மூச்சு விடுன்னாரு."

"அத சத்தமா சொல்றதுக்கென்ன?"

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கேட்டது எனக்கும் நியாயமாகவே பட்டது. மூச்சு விடச் சொல்வதில் என்ன ரகசியம் இருக்க முடியும்?

பெரிய துப்பு ஒரு சனிக்கிழமை மாலை கிடைத்தது. அம்மா என்னை பெசன்ட் நகரில் மாதா கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தார். பூசை முடிந்து கடற்கரையில் சுண்டல் வாங்க நின்றபோது, கொஞ்சம் தள்ளி எங்கள் கோச்சைப் பார்த்தேன். அவரோடு நின்ற இளைஞன் பெசன்ட் நகர் டீமின் நீல ஜெர்சி போட்டிருந்தான். முதல் ஆட்டத்துக்குப் பிறகு எப்படியோ ஜெயித்து இறுதி ஆட்டம் வரை வந்திருந்தோம்; அதில் நாங்கள் மோத வேண்டியிருந்ததே அந்த டீமோடுதான். அவன் வலது காலை விந்தி விந்தி நடந்தான். கோச்சின் கையில் ஒரு கவரைக் கொடுத்தான். கோச் அதைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு அவன் தோளைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். சுண்டலை வாயில் போட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வீட்டில் சொன்னது 'ஒரு கவர்' மட்டும்தான். மறுநாள் பூசை முடிந்து சுவருக்குப் போய்ச் சேர்ந்தபோது அது தடிமனான கவராகியிருந்தது.

திங்கட்கிழமை பெரியப்பா மைதானத்துக்குள் இறங்கி நேராக வாளியின் முன்னால் போய் நின்றார். நானும் பின்னால் போனேன்.

"இன்னா சார், பெசன்ட் நகர்ல கவர் வாங்கினீங்களாமே. இன்னா கவரு அது?"

கோச் பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினார். கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவிய ஓரம்.

"என்கிட்ட ஆடின பையன் சார். அடுத்த மாசம் கல்யாணம்."

பெரியப்பா பத்திரிகையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று லேசாக உதறியும் பார்த்தார். "பத்திரிக்க யாரு வேணா அடிக்கலாம்" என்று சுவரில் வந்து சொன்னார்.

நான் மட்டும் அங்கேயே நின்றேன். அந்த அண்ணா ஏன் அப்படி நடக்கிறார் என்று கோச்சிடம் கேட்டேன்.

"என்னாலதான் பாப்பா" என்றார். "கால்ல அடி பட்டிருந்துச்சு. வலிக்குது சார்னான். நடிக்காதடான்னு கத்தினேன். பயந்துக்கிட்டு முழு ஆட்டமும் ஆடிட்டான். இப்ப அவங்க டீமுக்குப் பந்து எடுத்துப் போட்டு ஒத்தாசையா இருக்கான்."

இது உளவுக்கு உதவாத செய்தி என்று எனக்குத் தோன்றியது. இதில் பெசன்ட் நகர்க்காரர்களிடம் அவர் எதுவும் வாங்கியதாக இல்லை. அதனால் நோட்டில் எழுதவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்தன்று சுவரில் இடமில்லை. பாதிப் பேர் பந்தைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாதி முடியப் போகும் நேரத்தில் ஒரு சாதாரணப் பந்து அண்ணனிடம் வந்தது. அதை அவன் அடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். கால் மணலில் சறுக்க, பந்து அவன் முட்டியில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே உருண்டது.

"டேய் மாடு!" என்று சுவரிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "இன்னிக்கு வீட்டுக்குச் சோறுன்னு வந்துடாத!"

விசில் ஊதியதும் அப்பா சுவரிலிருந்து குதித்து ஓடினார். அண்ணனின் ஜெர்சியைக் கழுத்தோடு பிடித்துக் கையை ஓங்கினார்.

அப்போது ஒரு குரல் எழுந்தது. யாருடையது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பழைய கோச் செருப்பு வீசிய நாட்களில்கூட அந்த மைதானம் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. ரெஃபரி திரும்பிப் பார்த்தார். சுவரில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"கைய எடுங்க சார்! அவன் என் பையன்! கோட்டுக்கு உள்ள கால் வச்சீங்க, மரியாத கெட்டுடும்!"

அப்பாவின் கை தானாக இறங்கியது. ஆனால் கோச்சால் அந்தக் குரலை உடனே நிறுத்த முடியவில்லை. அதே வேகத்தில் அண்ணன் பக்கம் திரும்பி விரலை நீட்டினார்.

"நீ ஏன்டா குனிஞ்சு நிக்கற? நிமிர்றா!"

அண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கோச் அதைப் பார்த்தார். நீட்டிய விரல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய் வாளியின் மேல் உட்கார்ந்தார். இரண்டாம் பாதி முழுக்க அவர் தலையைத் தூக்கிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டாம் பாதியில் எங்கள் டீம் இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. அண்ணன் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. பந்து வராத நேரத்திலெல்லாம் வாளி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அன்று சுவரில் நடந்த கொண்டாட்டத்தைச் சொல்லி முடியாது. பெரியப்பா யார் யாரையோ கட்டிப்பிடித்தார். "வாயத் தொறந்தான் பாரு, கப்பு வந்துச்சு! இத்தினி நாளு எங்கடா ஒளிச்சு வச்சிருந்தான் இந்தக் கொரல?" எல்லோரையும்விட அதிகச் சந்தோஷத்தில் இருந்தவர் அப்பாதான். "என்னையே கத்திட்டான்யா, என்னையே!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் விருது வாங்கியவர்போலச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோச்சுக்குப் பொன்னாடை போர்த்துவது என்று அங்கேயே முடிவாயிற்று.

பொன்னாடையோடு கோயில் வாசலில் காத்திருந்தார்கள். கோச் வரவில்லை.

அன்று மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா உள்ளே வரச் சொல்லியும் வராமல், வாசற்படியிலேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டார். அப்பா சுவருக்குப் போயிருந்தார். உளவு வேலையிலிருந்து யாரும் என்னை விடுவிக்கவில்லை; ஆகவே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"நேத்து உன்னப் பயமுறுத்திட்டேன்பா" என்றார் கோச். "மன்னிச்சுக்க."

"பரவால்ல சார். நீங்க எனக்காகத்தான கத்துனீங்க."

"மொத கத்துனது உனக்காக. ரெண்டாவது கத்துனது உனக்காக இல்ல. இனிமே கத்தக் கூடாதுன்னு வச்சிருந்தேன், முடியல. ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். நல்லவங்க யாராச்சும் வருவாங்க. பந்து வர்றப்ப மூச்ச அடக்காத."

அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் படியிறங்கிப் போனார். அண்ணன் படியிலேயே உட்கார்ந்து அழுதான்.

நான் பின்கதவு வழியாக மைதானத்துக்கு ஓடினேன். அவ்வளவு பெரிய செய்தி எனக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. மூச்சிரைக்க அப்பாவிடம் சொன்னேன்: கோச் வீட்டுக்கு வந்தார், அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார், வேலையை விட்டுவிட்டுப் போகிறார்.

பெரியப்பா மடியில் பொன்னாடை அட்டைப்பெட்டியோடு இருந்தது.

"பெரிய மனுசன் சின்னப் பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டானா?" என்றார் அப்பா. பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "தப்பு பண்ணாதவன் ஏன் மன்னிப்புக் கேக்கறான்? நான் மொதல்லயே சொல்லல?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அடுத்து வந்த கோச் நன்றாகக் கத்தினார். சுவருக்கு நிம்மதி திரும்பியது. அண்ணன் அந்த வருடத்தோடு பூட்ஸைக் கழற்றிவிட்டான். பத்தாம் வகுப்புப் படிப்பு என்று காரணம் சொன்னான், எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். என்னோடு மட்டும் பத்து நாள் பேசவில்லை. நடந்ததை நடந்தபடிதானே சொன்னேன், இதில் என்ன தப்பு என்று எனக்கு அவன்மேல் கோபம்.

எங்கள் வீட்டில் மன்னிப்பு என்பது மாட்டிக்கொண்டவன் சொல்கிற வார்த்தை. சிறியவர்கள் பெரியவர்களிடம், காது திருகப்பட்ட பிறகு சொல்வது. யாரும் பிடிக்காமல், யாரும் கேட்காமல், பஸ் பிடித்து வந்து ஒரு பெரியவர் அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு இப்போதாவது தெரியுமா என்பது சந்தேகம்தான்.