சுருட்டுக் கொட்டிலில் நீட்டிய கை

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் யாழ்ப்பாணத்தில், இணுவிலில் என்னுடைய கொட்டிலில் சுருட்டிய சுருட்டுப் போல ஒன்றைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று இன்றைக்கும் சவால் விடுவேன். கூலிக்குச் சுருட்டி, மிச்சம் பிடித்து, சொந்தக் கொட்டில் போட்டவன். முதலாளியான பிறகும் சுருட்டுகிற பலகையை விட்டு எழும்பவில்லை. மேலிலையை இழுத்துச் சுற்றி நுனியை முறுக்குகிற வேகத்தில் என்னை ஒருவரும் முந்தியதில்லை. அந்தக் கைதான் எண்பத்தைந்தாம் ஆண்டளவில் விறைக்கத் தொடங்கியது.

முதலில் நித்திரையால் எழும்பும்போது பெருவிரலும் பக்கத்து விரல்களும் எறும்பு ஊர்ந்தது போல இருந்தன. உதறினால் போய்விடும். பிறகு பகலிலும் வந்தது. சுருட்டிக்கொண்டிருக்கும்போதே இலை கையிலிருந்து நழுவும். பெருவியாதி, அதுதான் குஷ்டம், பிடித்தால் விரல்தான் முதலில் விறைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்த எண்ணம்தான் வந்தது. வானத்தில் ஆமியின் ஹெலி சுற்றிச் சுற்றிச் சுட்ட காலம் அது, ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம் கைக்குள் இருந்தது. சுருட்டு வாயில் வைக்கிற சாமான். சுருட்டுகிறவனுக்குப் பெருவியாதி என்று ஒரு வாய் சொன்னால் போதும், கொட்டிலை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

ஒருவருக்கும் தெரியாமல் கொட்டிலுக்குப் பின்னால் போய், எரிகிற சுருட்டைச் சுட்டுவிரலில் வைத்துப் பார்த்தேன். சுட்டது போலவும் இருந்தது, சுடாதது போலவும் இருந்தது. கொப்புளம் மட்டும் நன்றாக வந்தது. அதை மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த நாளே மானிப்பாயில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டர் என் இரண்டு மணிக்கட்டையும் மடக்கி, புறங்கைகளைச் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் விறுவிறுத்தன. சின்னவிரல் விறைக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். தோலையும் பார்த்துவிட்டு, இது பெருவியாதி இல்லை, அதுவென்றாலும் இப்போது குளிசையால் மாறும் என்றார். மணிக்கட்டுக்குள் ஒரு ஒடுக்கமான வழியால் நரம்பு போகிறதாம். நாள் முழுக்கக் கையை மடக்கிச் சுருட்டினதில் அது நெரிபட்டுவிட்டதாம்.

அதற்கு டொக்டர் ஒரு பயிற்சி சொல்லித் தந்தார். கையை முன்னுக்கு நீட்டி, உள்ளங்கையை வெளியே காட்டி, மற்றக் கையால் விரல்களை மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். பிறகு கையைக் கீழே தொங்கவிட்டு அப்படியே இழுக்க வேண்டும். விரல்களை விரித்து, கொக்கி போல மடக்கி, பொத்தி, திரும்ப விரிக்க வேண்டும். நோகுமளவுக்கு இழுக்கக்கூடாது. வேலைக்கு நடுவில் அடிக்கடி செய்ய வேண்டும். படுக்கும்போது மணிக்கட்டு மடங்காமல் சிறு பலகை வைத்துக் கட்ட வேண்டும். கடைசியாகப் பெருவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டைத் தொட்டுக் காட்டி, இது வற்றத் தொடங்கினால் பயிற்சி காணாது, கீறித்தான் நரம்பை விடுவிக்க வேண்டும் என்றார்.

ஆட்கள் காணக்கூடாதென்று வீட்டு வளவின் பின்பக்கம் வாழைகளுக்கு நடுவில் நின்று செய்தேன். ஒருநாள் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது ஹெலி தாழ வந்து வட்டமடித்தது. மனைவி குசினி வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"இஞ்சேருங்கோ, கையை மடக்குங்கோ. மேல நிக்கிறவனுக்கு உது பயிற்சி எண்டு தெரியுமே?"

கை மடங்கவில்லை. பயத்தில் அப்படியே நின்றுவிட்டது. அவள்தான் வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வெளியே நின்று செய்ய ஏலவில்லை. கொட்டில் கூரைக்குக் கீழே, எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் கை போகும். செய்தால் பேர் போகும். எங்கள் கொட்டிலில் ஒருவர் உரத்துப் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி சுருட்டுவது வழக்கம். என் உலக அறிவெல்லாம் அப்படிக் கேட்டுச் சேர்த்ததுதான். வாசிப்பு நடக்கும்போது ஒருவரும் என்னைப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

மூலையில் இருந்து சுருட்டுகிற அண்ணை, என்னைவிட மூத்தவர், பகிடிக்காரர், உடனே கண்டுவிட்டார்.

"முதலாளி ஆரை மறிக்கிறார்? பஸ்ஸையோ?"

எல்லாரும் சிரித்தார்கள். வாசிப்பு நின்றது. மறைத்தால் கதை வேறாகப் போகும் என்று தெரிந்து, உள்ளதைச் சொன்னேன்.

"கை விறைக்குது. நரம்பு நெரிபட்டிருக்கு. பெருவியாதி இல்லை, டொக்டர் பாத்தவர்."

பெருவியாதி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாருடைய கையும் நின்றது. அண்ணைதான் முதலில் கதைத்தார். இந்த முறை பகிடி இல்லை.

"சின்னவிரல் விறைக்காதோ?"

டொக்டர் என்னிடம் கேட்ட அதே கேள்வி. சும்மா ஒரு ஆள் இப்படிக் கேட்க மாட்டார். எழும்பிப் போய் அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே மேடு இருக்க வேண்டிய இடத்தில் குழி விழுந்திருந்தது. அவரும் என்னைப்போலப் பயந்து, பகிடியாலே மூடிக்கொண்டு, எத்தனை காலம் இருந்தாரோ தெரியாது.

அன்றைக்கே அவரைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு மானிப்பாய்க்கு வெளிக்கிட்டேன். பாதி வழியில், சீற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"தெரியேல்லை. நீங்கள் திரும்பிப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

சைக்கிள் மிதிப்பதிலும் நான் ஒருவருக்கும் சளைத்தவனில்லை. ஆனால் அந்த இடத்தில் இறங்கிவிட்டேன். மிச்சத் தூரம் முழுக்கச் சைக்கிளை உருட்டிக்கொண்டு, அவரையும் இறக்கிப் பக்கத்தில் நடக்கவிட்டு, மேலே ஹெலிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தபடி நடந்தேன்.